பூட் மெனுவில் வேண்டாத பெயர்கள்: வாசகர் கேள்வி-பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து எனக்கு வரும் மெயில்களில் பாதிக்கு இதுதான் சங்கதி. விண்டோஸ் 11 போட்டவர்கள், லினக்ஸ் வகையான உபுண்டுவைப் பக்கத்திலேயே ஏற்றிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஆன் செய்ததும் எந்த சிஸ்டத்தைத் திறக்கட்டும் என்று கேட்டு வந்து நிற்கிற அந்த பூட் மெனு எரிச்சல். பதில்களுக்கு முன் இரண்டு விஷயம். மெனுவில் இருக்கிற வரி வேறு, டிஸ்க்கில் இருக்கிற சிஸ்டம் வேறு. ஒன்றை நீக்கினால் மற்றது தானாகப் போகாது. இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்கள் கவனிக்க: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பல புது லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும்.

மெனுவில் "விண்டோஸ் 10" என்றே இரண்டு வரிகள். எது போலி? (திருநெல்வேலி)

இரண்டுமே அசலாக இருக்கலாம். முதலில் இரண்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பழையது திறந்தால் உங்கள் போட்டோக்கள் அதில் கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டிய விண்டோஸில் நுழைந்து, ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தட்டி, பூட் டேபுக்குப் போங்கள். "கரண்ட் ஓஎஸ்" என்று எழுதியிருப்பது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற வீடு, அதைத் தொடாதீர்கள். அதுவே டீஃபால்ட்டாக இல்லையென்றால் ஆக்கிவிட்டு, மற்றதைத் தேர்ந்து டெலீட், ஓகே, ரீஸ்டார்ட். ஒரே வரி மிஞ்சினால் மெனுவே வராது. டிஸ்க்கில் பழைய விண்டோஸ் பிடித்திருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும். அதைக் காலி செய்வது தனி வேலை.

எம்எஸ்கான்ஃபிக்கில் உபுண்டுவையே காணோம், ஆனால் ஆன் செய்தால் வருகிறது. (கோவை, கல்லூரி மாணவர்)

அது விண்டோஸின் மெனு அல்ல, க்ரப் என்கிற லினக்ஸ் மெனு. எம்எஸ்கான்ஃபிக்கில் தேடிப் பயனில்லை. உங்களுடையது யூஇஎஃப்ஐ (புது முறையில் பூட் ஆகிற) மெஷின் என்று எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பத்தில் ஒருவர்தான் எழுதுகிறார். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கிற பயாஸ் செட்டப்பில், பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களில் (டிஸ்க்கில் அதற்குப் பிரித்த பகுதிகளில்) கை வைக்க வேண்டும். கடைசியாக, அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து மவுன்ட்வால் (mountvol) கட்டளையால், பூட் ஃபைல்கள் இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து உள்ளே பாருங்கள். இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று இருக்கும். உபுண்டுவை மட்டும் நீக்குங்கள். மற்ற இரண்டில் கை வைத்தால் எனக்கு மெயில் போடாதீர்கள்.

சார், உபுண்டு பார்ட்டிஷனை டெலீட் செய்தேன். இப்போது கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் நிற்கிறது. மிக அவசரம்!! (ஊர் எழுதவில்லை)

ஊரை விடுங்கள், யூஇஎஃப்ஐயா, பழைய லெகஸியா என்றாவது எழுதியிருக்கலாம். ஆச்சரியக்குறி இரண்டு போட நேரம் இருந்திருக்கிறது. யூஇஎஃப்ஐ என்றால் மேலே சொன்னபடி பயாஸில் வரிசையை மாற்றினால் போதும். லெகஸி என்றால் விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியே கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் (bootrec /fixmbr) கொடுங்கள். விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கும். முதலில் மெனு, பிறகுதான் பார்ட்டிஷன்.

புது எஸ்எஸ்டி வாங்கி, கடையில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்டேன். மெனுவில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் விண்டோஸும் வந்தது. "டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், போய்விடும்" என்றார் கடைக்காரர். கழற்றினால் எதுவுமே திறக்கவில்லை. எஸ்எஸ்டி பழுதா? (சேலம்)

பழுது எஸ்எஸ்டியில் இல்லை, போட்டவர் வேலையில். இதே கதையை மாதம் தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். விண்டோஸ் செட்டப், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், அது எந்த டிஸ்க்கில் இருந்தாலும் பூட் ஃபைல்களைப் பெரும்பாலும் அதிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். உங்கள் விண்டோஸ் எஸ்எஸ்டியில், அதைத் திறக்கிற சாவி பழைய டிஸ்க்கில். அதைக் கழற்றினால் எப்படித் திறக்கும்?

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: புது டிஸ்க்கில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுவது. அரை நிமிட வேலை. ஐந்நூறும் ஆயிரமும் வாங்குகிறவர்கள் இதைச் செய்வதில்லை. கேட்டால் "மெனுதானே சார், எது வேணுமோ அதைக் கிளிக் பண்ணிக்கோங்க" என்று ஒரு பதில். அந்தப் பழைய டிஸ்க் ஒருநாள் செத்தால் நல்ல எஸ்எஸ்டியும் சேர்ந்து முடங்கும் என்பதை வாடிக்கையாளரிடம் யார் சொல்வது?

சரிசெய்யும் வழி: பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டிப் புது விண்டோஸில் நுழையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் "இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். பழையதில் மட்டும் இருந்தால், எஸ்எஸ்டியின் சி டிரைவை ஒரு 300 எம்பி அளவு சுருக்குங்கள். அந்த இடத்தில் டிஸ்க்பார்ட் (diskpart) கட்டளை மூலம் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, எழுத்து கொடுங்கள். பிறகு பிசிடிபூட் (bcdboot) கட்டளையை, சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, அந்த எழுத்துக்கு ஓட்டுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி தனியாக எழுகிறதா என்று பார்த்த பிறகே பழையதை ஃபார்மட் செய்வது. டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள், அது "நிச்சயமா?" என்று கேட்காது. பயமாக இருந்தால் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கடைக்காரரை வேண்டாம்.

மெனு வரியை நீக்க பிசிடிஎடிட் /டெலீட் (bcdedit /delete) கொடுத்தால் பிழை காட்டுகிறது. வரியின் ஐடியைச் சரியாகத்தான் காப்பி செய்தேன். (புதுச்சேரி)

பவர்ஷெல்லில் தட்டியிருப்பீர்கள். அங்கே நெளி அடைப்புக்குறிக்கு வேறு பொருள் உண்டு. ஐடியை மேற்கோள் குறிகளுக்குள் போடுங்கள், அல்லது சாதாரண கமாண்ட் பிராம்ப்டுக்குப் போங்கள். அதற்கு முன் பிசிடிஎடிட் /எக்ஸ்போர்ட் கொடுத்து பூட் அமைப்புக்கு ஒரு பிரதி எடுத்தீர்களா? எடுங்கள்.

அப்கிரேட் பாதியில் நின்றது. அன்றிலிருந்து "விண்டோஸ் செட்டப்" என்று ஒரு வரி. (தஞ்சாவூர்)

மிச்சம் மீதி. எம்எஸ்கான்ஃபிக்கில் நீக்கலாம்.

லினக்ஸ் மின்ட்டில் பழைய கெர்னல்கள் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பத்துப் பதினைந்து வரிகளாக நிற்கின்றன. க்ரப்.சிஎஃப்ஜி ஃபைலைத் திருத்தலாமா? (யாழ்ப்பாணம்)

கூடாது. அடுத்த கெர்னல் அப்டேட்டிலேயே அந்த ஃபைல் புதிதாக எழுதப்படும், உங்கள் திருத்தம் போய்விடும். ஆப்ட் ஆட்டோரிமூவ் (apt autoremove) கொடுத்தால் பழைய கெர்னல்கள் கழியும், மெனுவும் சுருங்கும். ஒரு பழைய கெர்னலை அது விட்டுவைக்கும். இருக்கட்டும், புதியது மக்கர் செய்கிற நாளில் உதவும்.

எக்ஸ்பி வரியை எப்படி நீக்குவது? (மதுரை)

இன்னுமா? எக்ஸ்பிக்குப் பிந்தைய விண்டோஸ் எதுவும் இல்லாத மெஷின் என்றால் பூட்.ஐஎன்ஐ ஃபைலில் வேண்டாத வரியை மட்டும் எடுங்கள். 2014-லேயே ஆதரவு முடிந்தது, இன்டர்நெட்டில் மாட்டாதீர்கள்.

இரண்டு சிஸ்டமும் வேண்டும், ஆனால் 30 விநாடி காத்திருக்கப் பொறுமை இல்லை. பூஜ்ஜியம் போடலாமா? (திருச்சி)

பூஜ்ஜியம் போட்டால் மெனு கண்ணுக்கே தெரியாமல் டீஃபால்ட் சிஸ்டம் திறந்துவிடும். இரண்டாவதை எப்படித் தேர்வு செய்வீர்கள்? எம்எஸ்கான்ஃபிக்கின் அதே பூட் டேபில் டைம்அவுட் பெட்டி இருக்கிறது. ஐந்து போடுங்கள்.