"நானா" என்று எழுதிவிட்டால் அவ்வளவுதானா?

கேள்வி: என் வீட்டுக்காரர் 17 வருஷம் ராணுவத்தில் இருந்து 2011-ல் வந்தார். சேரும்போது ஒரு குறையும் கிடையாது. கடைசி மெடிக்கல் போர்டில் இடுப்பு டிஸ்க் நோய், 20 சதவீதம் என்று எழுதிவிட்டு, இது ராணுவ வேலையால் வந்ததல்ல என்று டிஸெபிலிட்டி பென்ஷனை (ஊனத்துக்கான பென்ஷன்) மறுத்துவிட்டார்கள். வந்தது ஒரே வரிக் கடிதம். அதோடு நாங்களும் விட்டுவிட்டோம். இத்தனை வருஷம் கழித்துக் கேட்க முடியுமா? (வாசகி, கோத்தகிரி பக்கம்)

பதில்: முடியும் அம்மா. அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்துதான் நம் ஊரில் பாதிப் பேர் ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

போர்டு பேப்பரில் எழுதியிருக்கும் முடிவைப் பட்டாளத்து ஆபீஸ் பாஷையில் "நானா" என்பார்கள். சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் அது. தமிழில் படித்தால் "நானா? நான் இல்லையே" என்று அரசாங்கம் கையை விரிப்பது மாதிரியே இருக்கும், பொருத்தமான பெயர்தான். நானும் கிளார்க்காக இருந்து இந்த எழுத்தை ஆயிரம் தடவை டைப் அடித்தவன், அதனால் சொல்கிறேன்: பல பேப்பர்களில் ஏன் "நானா" என்பதற்குக் காரணமே இருக்காது. இருந்தாலும், நோய் தெரிய வந்தபோது பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையில் இல்லாமல் அமைதியான பகுதி முகாமில் இருந்தார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். பனிமலையில் மூட்டை தூக்கின முதுகு, ஆள் பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மெதுவாகப் பேச ஆரம்பிக்கும் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

இதை 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் 1985-ல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்த சிப்பாய், ஒன்பது வருஷத்தில் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், அவருக்கும் அதே 20 சதவீதம். சேரும்போது மெடிக்கலில் நோய் இருப்பதாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், பின்னால் வந்த நோய் சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, சிப்பாயின் வேலை அல்ல, போர்டும் காரணத்தை எழுத வேண்டும், இதுதான் தீர்ப்பு. உங்கள் வீட்டுக்காரர் ஷேப் ஒன்னில், அதாவது முழு உடல் தகுதியோடு சேர்ந்திருந்தால் இதே வாதம் உங்களுக்கும் பொருந்தும்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். நிராகரிப்பு வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும், அது போய்விட்டது, சரி. ஆனால் பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம், அதனால் மறுப்பும் மாதாமாதம் நடக்கிற தவறு. தர்செம் சிங் என்பவர் 1983-ல் வெளியே வந்து 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் கிடைத்தது, ஆனால் பழைய பாக்கியை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் குறைத்துவிட்டது. அதாவது நீங்கள் இன்னும் ஒரு வருஷம் யோசித்தால், ஒரு வருஷப் பாக்கி போச்சு.

முதலில் போர்டு பேப்பரை வாங்குங்கள். பெயர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16. அதோடு சேரும்போது எடுத்த மெடிக்கல் நகலும் வேண்டும். அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அதிகாரிக்கு ஆர்.டி.ஐ. மனு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஸ்பீட் போஸ்ட். இரண்டும் கையில் வந்ததும் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்டு அப்பீல் போடுங்கள். ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கோடு போய்க் கேளுங்கள். (அந்த புக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம்ம மலை ஈரத்துக்கு மரப்பெட்டியில் இருந்தால் பூசணம் தின்றுவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.)

20 சதவீதத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 15,000 என்று வையுங்கள், நூறுக்கு 4,500, இருபதுக்கு 900. ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 என்று உயர்த்தும் சலுகை உண்டு, அப்போது 2,250 ஆகிவிடும், அதன்மேல் 2016 பென்ஷன் திருத்தமும் அகவிலைப்படியும். முன்பு இதை ஊனத்தால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவானது. 20-க்குக் கீழே ஒரு சதவீதம் குறைந்தாலும் ஓய்வு பெற்றவருக்கு ஒன்றும் இல்லை, அதனால் அந்த எண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்திருக்கின்றன, அவை அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு. உங்களுக்குப் பழைய விதிதான்.

ஜெயித்தாலும் உடனே பணம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை தீர்ப்புக்குப் பிறகும், தீர்ப்பாயம் சிப்பாய்க்குச் சாதகமாகச் சொன்னால் அரசுத் தரப்பு மேலே போகிறது. முன்பு நேராக டெல்லி, 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஹைகோர்ட்டின் அதிகாரத்தை உறுதி செய்த பிறகு ஹைகோர்ட் வாசல். வழக்குகளைக் குறைக்க 2015-ல் பாதுகாப்பு அமைச்சகமே ஒரு நிபுணர் குழு போட்டது, இந்த மாதிரி அப்பீல்கள் வேண்டாம் என்றுதான் அதுவும் சொன்னது. சிப்பாய்க்குக் கொடுக்க யோசிக்கிற கை வக்கீல் ஃபீஸுக்கு யோசிப்பதில்லை. தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கும் நிறைவேற்று மனு வரைக்கும் போக மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராணுவத்தில் இருந்த என் பையன் 2018-ல் வருஷ லீவில் வந்தான். மேட்டுப்பாளையம் வரை வாரண்டில் (அரசு செலவில் போகிற பயண அனுமதி) ரயில், அங்கிருந்து நண்பன் பைக்கில் குன்னூர் வரும்போது பர்லியார் பக்கம் லாரி மோதிக் கால் போச்சு. 2022-ல் வெளியே வந்தான், 40 சதவீதம். லீவில் நடந்தது, பைக்கும் சொந்தப் பிரயாணம் என்று பென்ஷனை மறுத்துவிட்டார்கள். (வாசகர், அருவங்காடு)

பதில்: அண்ணா, லீவில் வீட்டில் இருக்கும்போது தோட்ட வேலைக்குப் போன வழியில் அடிபட்டிருந்தால் கஷ்டம் என்றே சொல்லியிருப்பேன், கோர்ட்டுகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் யூனிட்டிலிருந்து லீவுக்கு வீடு வருகிற வழியும், திரும்பிப் போகிற வழியும் டியூட்டிக் கணக்கில் வரும், அரசு செலவில் பயணம் செய்ய உரிமை இருந்தால். வாரண்ட் முழுத் தூரத்துக்கும் இல்லாமல் ஒரு பகுதிக்கு மட்டும் இருந்தாலும் போதும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தோடு வாரண்ட் முடிந்ததால் டியூட்டியும் மலையடிவாரத்துக் கல்லாற்றோடு முடிந்துவிடாது. லீவ் சர்டிஃபிகேட், வாரண்ட் நகல், எஃப்.ஐ.ஆர்., காயம் பற்றி யூனிட் அனுப்பிய ஐ.ஏ.எஃப்.ஒய். 2006, கோர்ட் ஆஃப் இன்க்வயரி (ராணுவத்தின் உள் விசாரணை) முடிவு, இத்தனையும் சேருங்கள். விபத்து நடந்த தேதியும் லீவ் தொடங்கிய தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், வழக்கு அங்கேதான் நிற்கும்.

கேள்வி: வழக்கு நடக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். இனி நான் போய் என்ன? (வாசகி, கேத்தி)

பதில்: போகலாம் அம்மா. வாரிசும் தீர்ப்பாயத்தில் மனு நடத்தலாம், சட்டத்திலேயே இருக்கிறது. அவர் இறந்த நாள் வரைக்குமான பாக்கி உங்களுக்குச் சேர வேண்டியது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அடுத்த வாய்தாவுக்கு முன்னால்.