செட்டிநாட்டு வீட்டுச் சுவரும் ரோமானியக் கான்கிரீட்டைப் போல் விரிசலைத் தானே அடைக்குமா?

அப்படிச் சொல்வது அவசரம். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது இதுதான்: ரோமானியர்கள் நீற்றாத (முன்கூட்டி நீர் ஊற்றித் தணிக்காத) சுண்ணாம்பையே எரிமலைச் சாம்பலோடு கலந்திருக்கிறார்கள். கலவை கடுமையாகச் சூடேறியது. சுண்ணாம்பு ஆங்காங்கே கட்டிகளாகத் தங்கியது. பிற்காலத்தில் விரிசலில் நீர் புகும்போது அந்தக் கட்டிகளின் கால்சியம் கரைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து பிளவை மூடுகிறது. ஆய்வகத்தில் அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டு வாரத்தில் அடைபட்டது.

கானாடுகாத்தான், காரைக்குடி வீடுகளின் கதை வேறு. சுண்ணாம்பை நீற்றி, சலித்து, வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசினார்கள். கட்டி தென்பட்டால் கொத்தனார் விட்டுவைப்பாரா? சுண்ணாம்புப் பூச்சு காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறுகுவதும், மயிரிழை விரிசலை ஓரளவு மூடுவதும் உண்மை. அதற்கு ரோமாபுரியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.