ஜூலுல அப்பா, சிங்களத்துல பாப்பா

கேள்வி: அண்ணே, எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துது. ஜூலு மொழியிலயும் சிங்களத்துலயும் 'பாபா', 'மாமா'ன்னு சொல்லு எல்லாம் ஒரே மாதிரி இருக்காம், போறதுக்கு ரெண்டுலயுமே 'யா'ன்னுதான் சொல்றாங்களாம், அதனால ரெண்டும் ஒரே தாய்மொழியில இருந்து பிரிஞ்சது, அப்போ ஆப்பிரிக்காவும் இலங்கையும் ஒரே நிலம்னு போட்டிருக்காங்க. நிஜமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்ல தம்பி. நிலம் ஒட்டியிருந்தது உண்மைதான், ஆனா அது பிரிஞ்சு பத்து கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்போ பேசறதுக்கு மனுஷனே கிடையாது.

அந்தச் சொல்லையே எடுத்துப் பாப்போம். தென்னாப்பிரிக்காவுல பேசற ஜூலுல 'பாபா'ன்னா அப்பா. சிங்களத்துல 'பபா'ன்னா கைக்குழந்தை. ஜூலுல 'மாமா'ன்னா அம்மா, சிங்களத்துல 'மம'ன்னா நான். சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணு, அர்த்தம் எங்கெங்கயோ இருக்கு. குழந்தை வாயில முதல்ல வர்றது ப, ம தான், அதனால எந்த ஊர் மொழியிலயும் இந்த மாதிரி சொல்லு கிடைக்கும். 'யா' மட்டும் அர்த்தமும் ஒத்துப்போகுது, ஒத்துக்கறேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்ல ஜூலுக்காரர் 'ங்கிய எகாயா'ம்பார், சிங்களவர் 'மம கெதர யனவா'ம்பார். ஆனா சிங்களத்து 'ய' சமஸ்கிருதத்துல 'யாதி'ன்னு இருக்கே, அந்த வழியில வந்தது. ஜூலுவோடது பாண்ட்டுங்கற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தோட வழியில வந்தது. ஒரு சொல்லு தற்செயலா ஒத்துப்போறது பெரிய அதிசயம் இல்ல.

சொந்தம் இருக்கான்னு பாக்கணும்னா சொல்லை விட்டுட்டு இலக்கணத்தைப் பாருங்க. நாம போறேன், போறோம், போறாங்கன்னு யாரு போறாங்கங்கறதை வால்ல ஒட்டறோம். ஜூலுல அது தலையில ஒட்டும்: ங்கிய, சிய, பய. பேச்சு சிங்களத்துல ரெண்டும் இல்ல, நான் போனாலும் நாங்க போனாலும் அவங்க போனாலும் 'யனவா' ஒண்ணுதான் (எழுத்து சிங்களத்துல மட்டும் 'யமி', 'யமு'ன்னு மாறும்). ஜூலுக்கு நெருங்கின சொந்தம் கோசா, ஸ்வாஸி, இண்டெபெலே. சிங்களத்துக்கு நெருங்கின சொந்தம் மாலத்தீவோட திவேஹி. ஒண்ணை ஒரு கோடிக்கு மேலயும் இன்னொண்ணை ஒன்றரைக் கோடிக்கு மேலயும் தாய்மொழியா பேசறாங்க, அத்தனை பேரோட மொழியை நாலு சொல்லை வச்சு ஒரு ஃபார்வர்டுல முடிக்கிறது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

கேள்வி: போன மாசம் ஜூலு பத்தி நீங்க எழுதினதுல இருந்து ஒரு ஆசை. சொந்தமே இல்லாத மொழிங்கன்னா ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணுமே இருக்காதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிறைய இருக்கும்மா, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு இங்கிலீஷ் சொல்லு உள்ள வந்தா ரெண்டு மொழியும் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஸ்கூல் ஜூலுக்குள்ள போனதும் 'இசிகோலே' ஆயிடுச்சு. அங்க பெயர்ச்சொல் எல்லாம் தலையில ஒரு ஒட்டோடதான் இருக்கணும், 'இசி'ங்கறது அப்படி ஒரு ஒட்டு, ஸ்கூல்ல இருக்கற 'ஸ்'ஸையே அந்த ஒட்டுக்குள்ள சேத்துக்கிட்டாங்க, அதனால பன்மை 'இஸிகோலே'ன்னு ஸகரம் இங்கிலீஷ் z மாதிரி அழுந்தி வரும். சிங்களத்துல பஸ் வந்தா 'பஸ் எக', பஸ்லன்னா 'பஸ் எகே', நிறைய பஸ்ஸுன்னா 'எக'வைக் கழட்டிட்டு வெறும் 'பஸ்'. சொந்தச் சொல்லும் அப்படித்தான், ஒரு புத்தகம் 'பொத', பல புத்தகம் 'பொத்'. பன்மையில சொல்லு நீளும்னு பழகின நமக்கு இது குறையுதேன்னு முதல்ல திகைப்பாத்தான் இருக்கும்.

அப்புறம் பக்கத்து வீடு. ஜூலுல நாக்கைச் சொடுக்கற சத்தங்கள் இருக்கே, அது பாண்ட்டு சொத்து இல்ல, அங்க முன்னாடியே இருந்த கோய், சான் மக்கள்கிட்ட இருந்து வந்தது. சிங்களமும் ரெண்டாயிரம் வருஷமா தமிழுக்குப் பக்கத்துலயே வளர்ந்தது. 'கடே'ன்னு கடையையும் 'பரிப்பு'ன்னு பருப்பையும் எடுத்துக்கிட்டது சின்ன விஷயம், வாக்கியம் போற போக்கே நம்மளோடது மாதிரி இருக்கும். 'எயா எனவா கியலா மம தன்னவா'ன்னா 'அவர் வர்றார்னு நான் அறிவேன்', ஒவ்வொரு சொல்லும் அதே வரிசை. அதுல 'கியலா'ங்கறதுக்கு நேர் அர்த்தம் 'சொல்லி'. நம்ம 'என்று'வும் 'என்' அதாவது சொல்லுங்கற வேர்ல பிறந்ததுதான். இதே இடத்துல ஜூலுக்காரர் போடறது 'உகுதி', அதுக்கும் சொல்றதுன்னுதான் அர்த்தம்! மூணும் மூணு குடும்பம், ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சதை இன்னொரு வாக்கியத்துக்குள்ள வைக்க மூணுமே சொல்றதைத்தான் பிடிச்சுக்கிச்சு. உலகத்துல பல மொழி இப்படிப் பண்ணுது, சொந்தம்னு இதை வச்சும் சொல்ல முடியாது, இருந்தாலும் முதல் தடவை பாத்தப்போ நான் அசந்துபோய் உக்காந்துட்டேன்.

கேள்வி: மருமகளுக்குத் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலை கிடைச்சிருக்கு. அவளுக்கு சிங்களம் கொஞ்சம் வரும். அது ஜூலுக்கு உதவுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஒரு சின்ன விஷயத்துல உதவும்மா. சிங்களத்துல மலைக்கு 'கந்த', மரத்தோட தண்டுக்கும் 'கந்த'தான், ஆனா தண்டுக்கு அந்த 'ந்'தைப் பாதியில விழுங்கிடுவாங்க, தமிழ் எழுத்துல அதைக் காட்டவே முடியாது. ஜூலுலயும் 'ம்ப', 'ந்த' எல்லாம் அப்படி ஒட்டி ஒரே எழுத்தா விழும், பழகின நாக்குக்கு லேசா வரும்.

மத்தபடி புதுசாத்தான் கத்துக்கணும். எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா ராகத்தை எழுதறதில்ல. 'இன்யங்கா'ன்னு எழுதினா நிலாவும் ஆகலாம், வைத்தியரும் ஆகலாம், குரல் ஏறி இறங்கறதுலதான் தெரியும். சொடுக்குச் சத்தம் மூணுக்குப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஒண்ணு, ஐயோ பாவம்னு நாம உச்சுக் கொட்டறோமே அதேதான். தண்ணி கேக்கணும்னா 'ங்கி'ன்னு ஆரம்பிச்சு ஒரு உச்சுக் கொட்டி 'எலா அமான்ஸி'ன்னு முடிக்கணும். இன்னொண்ணு வண்டிக்காரர் மாட்டை ஓட்டறப்போ கன்னத்து ஓரமா போடற சத்தம், தவளைக்கான சொல்லுல அது ரெண்டு தடவை வரும். மூணாவது மேலண்ணத்துல நாக்கை ஒட்டி டொக்குன்னு எடுக்கறது, முட்டைன்னு சொல்ல அது வேணும்.

1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க கரும்புத் தோட்டத்துக்குப் போய் இறங்கினது இந்த டர்பன்லதான், அதனால தமிழ்ப் பேரும் கோயிலும் அவளுக்குக் கண்ணுல படும். ஆனா கடையில, பஸ்ல ஜூலு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். முதல் நாளே 'ஸவுபோனா'ங்கற வணக்கத்தைக் கத்துக்கிடச் சொல்லுங்க, உங்களைப் பாக்கறோம்னு அர்த்தம். பெரியவங்க யாரா இருந்தாலும் பேர் சொல்லாம ஆம்பளைன்னா 'பாபா', பொம்பளைன்னா 'மாமா'ன்னு சேத்துச் சொல்லணும், நம்ம ஊர்ல ஐயா, அம்மா போடற மாதிரியே.