சின்னக் காருக்கு நாலு சைக்கிள் ஏற்றும் ரேக் சரிவருமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 2016 ஹொண்டா ஃபிட். நான், மனைவி, பதினைந்து வயது மகன் மூவரும் வார இறுதியில் ஏரிக்கரைப் பாதையில் சைக்கிள் ஓடப் போவோம். மனைவிக்குப் புதிதாக ஈ-பைக் வாங்கியிருக்கிறோம், அது 62 இறாத்தல். மகனுடையது 33, என்னுடையது 30. கடைக்காரர், "2 அங்குல ஓட்டையில் செருகும், நாலு சைக்கிள் ஏற்றும் ரேக்கை எடுங்கள், அளவை மாற்ற ஒரு அடாப்டர் போட்டால் எந்தக் காருக்கும் பொருந்தும்" என்கிறார். ரேக்கைச் செருகக் காரின் பின்னடியில் பூட்டும் இரும்புப் பிடியை, அதாவது ஹிட்சை, இன்னும் பூட்டவில்லை. அவர் சொன்னபடி வாங்கலாமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: வாங்காதீர்கள். பொருந்தும் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் தாங்குமா என்று அவர் சொல்லவில்லையே!

உங்கள் காரின் கையேட்டைப் புரட்டினால், இது இழுவைக்காகச் செய்த கார் இல்லை என்றுதான் இருக்கும். அப்படியும் வெளி நிறுவனங்கள் இதற்கு ஹிட்ச் செய்கின்றன, பூட்டித் தரவும் ஆள் உண்டு. சின்னக் கார்களுக்கு வருவது பெரும்பாலும் முதலாம் வகுப்பு ஹிட்ச்: ஒன்றேகால் அங்குல ஓட்டை, கீழ்நோக்கித் தாங்கும் பாரம் வழக்கமாக 200 இறாத்தல். சிலதில் இன்னும் குறைவு. ஹிட்சிலேயே ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும். காரின் கையேடு, ஹிட்ச், ரேக் மூன்றும் சொல்வதில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. சின்னக் காருக்கும் 2 அங்குல ஹிட்ச் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். ஓட்டை பெரிதானதால் காரின் அடித்தகடு பலமாகிவிடாது.

இப்போது கணக்குப் போடுவோம். சைக்கிளின் சக்கரங்களை நிறுத்தத் தட்டு வைத்த, நாலு சைக்கிள் ஏற்றும் ரேக் 90 இறாத்தல் என்று வையுங்கள். மூன்று சைக்கிளும் சேர்ந்து 125. மொத்தம் 215. எல்லை அங்கேயே தாண்டிவிட்டது.

பாரம் எவ்வளவு பின்னுக்குத் தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர் வாளியை இடுப்போடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள், பிறகு அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். நாலாவது தட்டில் நிற்கும் சைக்கிள் அந்த நீட்டிய கைதான். அடாப்டர் போட்டால் கை இன்னும் கொஞ்சம் நீளும், கூடவே ஓர் ஆட்டமும் சேரும். அதனால்தான் பல ரேக் நிறுவனங்கள் அடாப்டரே வேண்டாம் என்கின்றன, அல்லது பாரத்தைக் குறைக்கச் சொல்கின்றன.

அப்படியானால் எதை வாங்குவது? ஒன்றேகால் அங்குலத்துக்கென்றே செய்த, இரண்டு சைக்கிள் ஏற்றும் தட்டு ரேக். சைக்கிளின் சட்டத்தைக் கொழுவித் தொங்கவிடும் வகை மலிவு, எடையும் குறைவு. ஆனால் அவற்றில் பல, சைக்கிள் ஒன்றுக்கு 35, 40 இறாத்தலோடு நின்றுவிடும். மனைவியின் சைக்கிளில் குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் கொழுவ இடமும் இராது. தட்டு ரேக் வாங்கும்போது "சைக்கிள் ஒன்றுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள், அதுவும் ஒன்றேகால் அங்குலத்துக்கு எவ்வளவு என்று. ஒரே ரேக்குக்கு இரண்டு அளவிலும் வெவ்வேறு எண் போட்டிருப்பார்கள். கடையில் சுவரில் தொங்கும் அட்டையில் பெரிய எண்தான் இருக்கும்.

ஈ-பைக்கின் பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள், ஆறேழு இறாத்தல் குறையும். ஈ-பைக்கைக் காரை ஒட்டிய தட்டில் ஏற்றி, மகனுடையதை வெளித்தட்டில் வையுங்கள். ரேக் 50 என்றாலும் மொத்தம் 140க்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது சைக்கிள்? அதற்குத்தான் ஃபிட் வைத்திருக்கிறீர்கள்! பின் இருக்கையின் அகலமான பக்கத்தை மடித்து, பழைய போர்வை ஒன்றை விரித்து, முன்சக்கரத்தைக் கழற்றி உங்கள் சைக்கிளைப் படுக்கவையுங்கள். மற்றப் பக்கத்தில் மகன் இருக்கலாம். கொஞ்சம் முணுமுணுப்பான். ரேக்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் வீட்டு வாசலில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஹிட்ச் பூட்ட முன் காரைத் தூக்கி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் ஒன்ராறியோவில் பனிக்குத் தெருவில் கொட்டும் உப்பு தின்ற இரும்பில் போல்ற் இறுக்கப் போகிறோம். தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால் ஹிட்ச் யோசனையையே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, என் சொந்த முட்டாள்தனம். முதல்முறை ரேக் பூட்டியபோது புகைக்குழாய்க்கு நேரே சைக்கிளின் பின்சக்கரம் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடி இறங்கினால் ரப்பர் நாற்றம், ரயரின் ஒரு பக்கம் இளகிப் பளபளவென்று இருந்தது. பூட்டும்போதே குனிந்து பார்த்திருந்தால் ரயர் தப்பியிருக்கும்.

ரேக் ஆடாமல் இருக்க, அதை ஹிட்சில் பூட்டும் ஆணி சும்மா செருகுவதாக இருப்பதைவிட மரை வைத்து இறுக்குவதாக இருப்பது நல்லது. புறப்பட்டு இருபது கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டிகளையும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: ரேக் என் காரின் இலக்கத் தகட்டை மறைக்கிறது. பொலிஸ் பிடிக்குமா? (வாசகி, மார்க்கம்)

பதில்: பிடிக்கலாம். இலக்கத் தகடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம், மறைப்பது சைக்கிள் ரேக் என்பதற்காக விலக்கு எதிர்பார்க்க முடியாது. 407 நெடுஞ்சாலையில் சுங்கக் கமராவும் அதைப் படித்தாக வேண்டும். அநேகமாக, சைக்கிள் இல்லாத நாளில் மேலே மடித்துவைத்த வெறும் ரேக்தான் தகட்டின் முன் நிற்கிறது. திங்கள் காலையில் வேலைக்குப் போகும்போதும் அது எதற்கு? ஞாயிறு இரவே கழற்றிவிடுங்கள். நவம்பரில் கட்டாயம் கழற்றுங்கள். உப்புப் பிடித்து உள்ளேயே இறுகிவிட்டால் சுத்தியலும் உதவாது.