ஏழு வேலை நாள்: எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை முழுநாள், சனி அரைநாள். மடுத் திருவிழாவுக்குப் போவதற்காக 2025 ஓகஸ்ட் 14, 15 இரண்டு நாளும் வருடாந்த லீவு கேட்டு, 5ஆம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு விண்ணப்பத்தைக் கிளை முகாமையாளரிடம் கொடுத்தேன். அவரும் கையொப்பம் வைத்து வாங்கினார். கொழும்புத் தலைமையகத்துக்கு அது 6ஆம் திகதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "விடுமுறை ஆரம்பிக்கும் திகதிக்குக் குறைந்தது 7 வேலை நாட்களுக்கு முன்னர் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படல் வேண்டும்" என்பது கையேட்டிலுள்ள விதி. பிந்திவிட்டது என்று சொல்லி, சம்பளத்தில் இரண்டு நாளையும் நோ-பே ஆக்கிவிட்டார்கள். நான் பிந்தினேனா?

பதில்: பிந்தவில்லை என்றே வாசிக்கலாம். ஆனால் அந்த வாசிப்பு ஒரு சனிக்கிழமையை நம்பித்தான் நிற்கிறது. கலண்டரை எடுத்து, 14ஆம் திகதியை விட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

13 புதன் ஒன்று, 12 செவ்வாய் இரண்டு, 11 திங்கள் மூன்று. 10 ஞாயிறு, அது கணக்கில் இல்லை. 9 சனி நான்கு. 8 வெள்ளி நிக்கினிப் போயா, பௌர்ணமிப் பொது விடுமுறை; அதுவும் இல்லை. 7 வியாழன் ஐந்து, 6 புதன் ஆறு, 5 செவ்வாய் ஏழு. நீங்கள் கொடுத்த நாள் சரியாக ஏழாவது வேலை நாளில் விழுகிறது. போயாவை மறந்து எண்ணியிருந்தால் 6ஆம் திகதியும் போதும் என்று தோன்றியிருக்கும். இப்படிப் பிசகுகிறவர்கள் நிறையப் பேர். சனியை வேலை நாளாக எடுக்காவிட்டால் ஏழாவது நாள் 4ஆம் திகதிக்குப் போய்விடும், நீங்கள் ஒரு நாள் பிந்தியவர் ஆகிவிடுவீர்கள்.

சனிக்கிழமை வேலை நாளா? கையேட்டின் முதல் பக்கங்களில் சொற்பொருள் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். "வேலை நாள்" என்பதற்கு விளக்கம் இருந்தால் அதுவே செல்லும். இல்லாவிட்டால், கிளை திறந்திருக்கிற, நீங்கள் வரவு வைக்கிற நாள் வேலை நாள்தான். அரைநாள் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. தலைமையகம் சனியில் பூட்டியிருக்கும் என்பது அவர்களின் பக்கத்து வாதமாக வரும். அதற்குப் பதில், விதியில் "தலைமையகத்தின் வேலை நாள்" என்று எழுதப்படவில்லை என்பதே.

அடுத்தது "குறைந்தது" என்ற சொல். இது உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியது. சட்ட ஆவணங்களில் இந்தச் சொல் வந்தால், கொடுத்த நாளையும் தொடங்கும் நாளையும் விட்டுவிட்டு இடையில் முழுதாக ஏழு நாள் இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி எண்ணினால் 4ஆம் திகதி திங்களே கடைசி நாள். ஆனால் உங்களுடையது ஊழியர் கையேடு. இடையில் முழு நாட்கள் வேண்டுமென்றால் எழுதியவர்கள் அதைச் சொல்லியிருக்கலாம். ஒப்பந்த வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதிய தரப்புக்கு எதிரான பொருளை எடுப்பது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய நெறி. அதை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, "சமர்ப்பிக்கப்படல்". "கிடைக்கப்பெறல்" என்று இருந்திருந்தால் 6ஆம் திகதி கணக்குத்தான் எடுபடும். சமர்ப்பிப்பது உங்கள் செயல். யாரிடம் என்று விதி சொல்லாவிட்டால், வழமையாக யாரிடம் கொடுக்கிறீர்களோ அவரிடம் கொடுத்ததோடு அது முடிகிறது. கிளையில் ஒருநாள் கிடந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. கையேடு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதானால் மூலப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்.

ஆனால் இந்த எண்ணிக்கையை விடப் பலமான கேள்வி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. 6ஆம் திகதி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. 13ஆம் திகதி வரை யாராவது "பிந்திவிட்டது, லீவு இல்லை" என்று சொன்னார்களா? பிந்திய விண்ணப்பத்தை மறுக்கலாம். மறுக்காமல் இருந்து, நீங்கள் போய் வந்த பிறகு சம்பளத்தை வெட்டுவதற்குக் கையேட்டில் தனி வரி வேண்டும். முகாமையாளரின் கையொப்பம் எந்தப் பெட்டியில் விழுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். "அங்கீகரிக்கப்பட்டது" என்ற இடத்திலென்றால் உங்கள் நிலை உறுதி. "பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்திலென்றால், அங்கீகாரம் வராமலே போய்விட்டீர்கள் என்று அவர்கள் சொல்லலாம்.

இதையெல்லாம் வாயால் பேசாதீர்கள். மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: விதியின் வாசகம், கொடுத்த திகதி, நேரம், மேலே உள்ள ஏழு நாட்களின் பட்டியல், விண்ணப்பப் பிரதி, சம்பளத்தாளின் பிரதி. கடைசியில் இப்படி ஒரு கேள்வி: "எந்த நாட்களை எண்ணி விண்ணப்பம் பிந்தியது என்று முடிவு செய்யப்பட்டது என்பதை எழுத்தில் அறியத்தரவும்." சனியை விட்டதாலா, "குறைந்தது" என்பதாலா, 6ஆம் திகதியாலா என்று அவர்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்கு (1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்) உட்பட்ட நிறுவனமென்றால், முதல் வருடம் கழிந்தபின் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் சட்டப்படி உரியவை. உங்கள் வருடாந்த லீவில் எத்தனை நாள் மிச்சம் என்பதையும் கடிதத்தில் குறியுங்கள். அரச உத்தியோகத்தில் இருக்கும் நண்பர்கள் சொல்லும் கணக்கைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்; அவர்களுக்கு அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவைதான் விதி, அது வேறு உலகம்.

அமைய லீவுக்கு இந்த ஏழு நாள் விதியைப் பிடிக்க விடாதீர்கள். சொந்த அலுவல், சுகவீனம் போன்றவற்றுக்கென உள்ள லீவு அது. காய்ச்சல் ஏழு வேலை நாளுக்கு முன்னர் அறிவித்துவிட்டு வருவதில்லை.

கையேட்டில் வேறு காலக்கெடுக்கள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை வாசியுங்கள். "15ஆம் திகதிக்கு முன்னர்" என்றால் 14 கடைசி. "15ஆம் திகதிக்குள்" என்றால் 15ஆம் திகதியும் சேரும். "இரண்டு நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழ்" என்பது நோய் வந்த நாளிலிருந்தா, வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்தா என்று சொல்லாவிட்டால், இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். முத்தையன்கட்டுப் பக்கம் வீட்டில் படுத்திருப்பவர் இரண்டாம் நாள் சான்றிதழோடு கிளிநொச்சிக்கு பஸ் ஏற முடியாது.

2026இல் மடுத் திருவிழா ஓகஸ்ட் 15 சனிக்கிழமை வருகிறது. வேஸ்பர்ஸுக்காக (திருவிழாவுக்கு முதல்நாள் மாலை வழிபாடு) 14ஆம் திகதி வெள்ளியிலிருந்து லீவு வேண்டுமென்றால், இடையில் போயா இல்லை. சனியை விட்டு, முழுதாக ஏழு நாள் இடைவெளியும் வைத்து எண்ணினாலும் ஓகஸ்ட் 4 செவ்வாய்க்கிழமை கொடுத்தால் சரி. பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அந்தச் சனிக்கு அரைநாள் லீவு வெட்டுவார்களா, முழுநாளா என்பதையும் அப்போதே கேளுங்கள்.