அமெரிக்காவில் 100 வயது தாண்டியும் வழக்கு விசாரித்த நீதிபதி உண்டா?

உண்டு. கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், ஃபெடரல் (மத்திய அரசு) மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக இருந்த வெஸ்லி பிரவுன். 2012 ஜனவரியில் 104 வயதில் காலமானார். சாகும்வரை நீதிபதிதான்.

எங்கள் குடும்பத்து நிலத் தகராறு ஒன்று முடிவதற்குள் மூன்று நீதிபதிகள் மாறிவிட்டார்கள். அதனாலோ என்னவோ, ஒரே நாற்காலியில் ஐம்பது வருடம் உட்கார்ந்த மனிதரைப் பற்றிப் படித்ததும் மனதில் நின்றுவிட்டது.

103 வயதில் பேட்டரி சக்கர நாற்காலியைத் தானே ஓட்டிக்கொண்டு மேடைக்கு வருவார். முதுகு நன்றாக வளைந்துவிட்டதால் மேசைக்குப் பின்னால் ஆள் இருப்பதே சரியாகத் தெரியாது. வழக்குக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அதிலிருந்து வரும் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அதற்குச் சில காலம் முன்புவரை நான்காவது மாடியில் இருந்த தன் அறைக்குப் படியேறியே போனவர்.

இழுத்துக்கொண்டு போகக்கூடிய வழக்கு வந்தால், முடியும்வரை தான் இருப்போமா என்பது தெரியாது என்று வக்கீல்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். "இந்த வயதில் நான் காயாக வாழைப்பழம்கூட வாங்குவதில்லை." நமக்கு வாழைக்காய் என்றால் பஜ்ஜிதான் நினைவுக்கு வரும், அவர் சொன்னது, வாங்கி வைத்துப் பழுக்கக் காத்திருக்க வேண்டிய காயை.

பிறந்தது 1907, கேன்சஸின் ஹட்சின்சன். அங்கேயே வக்கீல், அப்புறம் மாவட்ட அரசு வழக்கறிஞர், இரண்டாம் உலகப் போரில் கடற்படை, பிறகு திவால் வழக்குகள். 1962இல் அதிபர் கென்னடி நியமித்தார். 1979இல் 'சீனியர்' நீதிபதி ஆனார். இது ஓய்வு இல்லை. அவர் இடத்துக்குப் புதியவர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். சீனியரும் குறைந்த எண்ணிக்கையில் வழக்குகளைப் பார்க்கலாம். குறைத்துக்கொண்டே 32 வருடம் ஓட்டிவிட்டார்!

இதற்கெல்லாம் காரணம் அவர்களுடைய அரசியலமைப்பு. ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது, 'நன்னடத்தை உள்ளவரை' பதவி. பிரவுன் இதையும் கிண்டல் செய்தார்: "ஆயுளோ நன்னடத்தையோ, எதை முதலில் இழக்கிறேனோ அதுவரை."

சரி, எல்லோரும் இவரைப் போல இருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். பாலின் நியூமன் என்ற அப்பீல் நீதிபதியை, மருத்துவப் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்று 2023இல் சக நீதிபதிகளே ஒதுக்கி வைத்தார்கள். அப்போது அவருக்கு 96 வயது. புது வழக்கு கொடுக்காமல் இருக்கத்தான் அவர்களால் முடிந்தது. பதவியைப் பறிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றம்தான் இம்பீச்மென்ட் செய்ய வேண்டும். எது நியாயம் என்று எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. பிரவுனிடம் பிடித்தது, தன் வயதை அவரே முதலில் பேச்சில் எடுத்ததுதான்.

ஒரு சின்னத் திருத்தம்: 'அதிக வருடம் இருந்த நீதிபதி' என்று சிலர் இவரையே சொல்கிறார்கள். அது ஜோசப் வுட்ரோ என்ற இன்னொரு ஃபெடரல் நீதிபதி. 1916இல் சேர்ந்து 1977இல் இறக்கும்வரை, 61 வருடம். அவரும் 104 வயதில்தான் போனார். பிரவுன் சில மாதங்கள் கூடுதலாக இருந்ததால் வயதுச் சாதனை மட்டும் இவருக்கு.