தைல மரத்தடியில் புல்கூட முளைக்காதது ஏன்?

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் தைல மரத் தோப்புக்குள் நடந்தால் காலடியில் சருகு மட்டும் மொறுமொறுக்கும், பச்சை அபூர்வம். ஒரு செடி வெளிவிடும் வேதிப்பொருள் பக்கத்துச் செடியின் வளர்ச்சியைத் தடுப்பதை ‘அல்லிலோபதி’ என்பார்கள். இங்கே நடப்பதில் ஒரு பங்கு அதுதான்.

தைல இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி சினியோல் போன்ற எண்ணெய்களுடையது. இலையில் பீனாலிக் அமிலங்களும் உண்டு. இலையைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராக மரம் வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. சருகு உதிர்ந்த பிறகும் இவை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பில்டரில் காப்பித்தூள் மேல் வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குமே, அதே மாதிரி மழைநீர் சருகின் சாற்றை மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. அதில் அதிகம் அடிபடுவது விதைகள்தான். முளைப்பது தாமதமாகும்; முளைத்தாலும் வேர்நுனி குட்டையாக நின்றுவிடும். வேர்விட்டு வளர்ந்த செடிகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சரி, பழி முழுக்கச் சருகின் மேலா? இல்லை. தைல மரம் மண்ணின் ஈரத்தையும் நன்றாகவே உறிஞ்சும். அதன் தடித்த இலை சீக்கிரம் மக்காமல் கிடந்து வெளிச்சத்தையும் மறைக்கும். வறண்ட மண்ணில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

‘தைலம் நின்ற மண் காலத்துக்கும் விஷம்’ என்று சிலர் சொல்வது மட்டும் சரியல்ல: இந்தப் பொருட்களை மண்ணின் நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும், நன்றாக மக்கிய தைலச் சருகு உரமாகவும் பயன்படும்.